விண்டோஸில் ஜெர்மன், பிரெஞ்சு, போலிஷ்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

விண்டோஸில் ஓர் ஐரோப்பிய மொழியைச் சேர்ப்பது பெரிய வேலை இல்லை. செட்டிங்ஸைத் திறந்து, டைம் அண்ட் லாங்வேஜ், அதற்குள் லாங்வேஜ் அண்ட் ரீஜன், அதில் ஆட் எ லாங்வேஜ் என்று போய் மொழியைத் தேர்ந்தெடுத்தால் மீதியை அதுவே இறக்கிக்கொள்ளும். தொல்லையெல்லாம் அதற்கு அப்புறம்தான். ஒய் அடித்தால் இசட் விழுகிறது. எக்செலில் ஒன்றரை என்று போட்டால் மே மாதம் வந்து உட்கார்கிறது. நேற்று வரை வேலை செய்த பாஸ்வேர்டு இன்று தப்பு என்கிறது. இப்படி ஏதாவது ஆனதும் பலரும் செய்வது, மொழியை நீக்கிவிட்டுத் திரும்பச் சேர்ப்பது. அநேகமாக அதனால் ஒன்றும் ஆகாது.

ஏனென்றால் 'மொழி' என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதை விண்டோஸ் நான்கு தனித்தனி ஏற்பாடுகளாக வைத்திருக்கிறது. மெனுக்கள் எந்த மொழியில் தெரிய வேண்டும் என்பது ஒன்று. விசையைத் தட்டினால் எந்த எழுத்து வர வேண்டும் என்பது இன்னொன்று. எண், தேதி, நாணயம் எப்படி எழுதப்பட வேண்டும் என்பது மூன்றாவது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் யூனிகோட் தெரியாத பழைய நிரல்கள் எந்த எழுத்து அட்டவணையைப் பார்க்க வேண்டும் என்பது நான்காவது. ஒன்றில் கோளாறு இருக்க, இன்னொன்றைத் திருகிக்கொண்டிருந்தால் மாலை வரை திருகலாம். எனவே அறிகுறியைப் பார்த்து, எந்த ஏற்பாட்டில் பிரச்சினை என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

மெனுப் பெயர்கள் விண்டோஸ் 11-இல் உள்ளபடி இருக்கின்றன. 10-லும் இவை உண்டு, இடம் கொஞ்சம் மாறியிருக்கும். ஐரோப்பிய எழுத்துகளை அப்படியே போடாமல் 'இரட்டைப்புள்ளி ஏ', 'வால் வைத்த ஈ' என்று வர்ணித்திருக்கிறேன். இதைப் படிக்க வந்தவர்கள் திரையில் அந்த எழுத்துகள் உடைந்து தெரிய எல்லா வாய்ப்பும் இருக்கிறது அல்லவா?

ஒய் அடித்தால் இசட், இசட் அடித்தால் ஒய்

கீபோர்டு கெடவில்லை. ஜெர்மன் அமைப்பு ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஜெர்மன் கீபோர்டில் இந்த இரண்டு எழுத்தும் இடம் மாறி இருக்கும். ஏ அடித்தால் க்யூ வந்து, எண்களுக்கு ஷிஃப்ட் பிடிக்க வேண்டியிருந்தால் அது பிரெஞ்சு. டாஸ்க்பாரின் வலது ஓரத்தில் இருக்கும் மொழிக்குறியைப் பாருங்கள். விண்டோஸ் விசையையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினால் அமைப்புகள் ஒவ்வொன்றாக மாறும்.

நீங்கள் மாற்றாமலேயே அது மாறுகிறதா? இடது ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்து பட்டாலும் மொழி மாறும், அது வேகமாக அடிப்பவர்கள் கையில் தானாகப் படும். தமிழ், ஆங்கிலம், ஜெர்மன் மூன்றும் வைத்திருப்பவர்களுக்கு இது ஓயாத தலைவலி. டைம் அண்ட் லாங்வேஜில் டைப்பிங், அதில் அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ், அதில் இன்புட் லாங்வேஜ் ஹாட் கீஸ் என்று போய் அந்தச் சேர்க்கையை 'நாட் அசைன்டு' ஆக்கிவிடுங்கள். ஸ்பேஸ் வழி மட்டும் போதும்.

ஒரு ஜன்னலிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது மட்டும் மாறுகிறது என்றால், அதே பக்கத்தில் 'ஒவ்வொரு ஆப் ஜன்னலுக்கும் வேறு உள்ளீட்டு முறை' என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் விழுந்திருக்கிறதா பாருங்கள். வேர்டில் மட்டும், அதுவும் ஜெர்மன் பத்திக்குள் சொடுக்கியதும் மாறுகிறது என்றால் விண்டோஸைக் குறை சொல்லாதீர்கள். வேர்டின் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு பக்கத்தில், சுற்றியுள்ள பாடத்தின் மொழிக்கேற்பக் கீபோர்டைத் தானாக மாற்றும் வசதி ஒன்று இருக்கிறது. அதை அணைத்தால் நின்றுவிடும்.

போலிஷ் சேர்த்தவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. போலிஷுக்கு விண்டோஸில் இரண்டு அமைப்புகள் உண்டு: 'புரோகிராமர்ஸ்', '214'. ஒய்யும் இசட்டும் இடம் மாறினால் உங்களிடம் இருப்பது 214. போலந்தில் அநேகமாக எல்லோரும் பயன்படுத்துவது புரோகிராமர்ஸ். நம் சாதாரணக் கீபோர்டு மாதிரியே இருக்கும், வலது ஆல்ட்டோடு ஏ அடித்தால் வால் வைத்த ஏ, எல் அடித்தால் குறுக்குக்கோடு போட்ட எல். 214-ஐ நீக்கிவிடுங்கள்.

ஜெர்மன் சேர்த்தேன், எஸ்செட் எழுத்தே இல்லை

பீட்டா மாதிரி இருக்கும் அந்த எழுத்து ஜெர்மன் அமைப்பில் பூஜ்யத்துக்கு வலது பக்கம் இருக்க வேண்டும். அங்கே இல்லை என்றால் நீங்கள் சேர்த்தது சுவிட்சர்லாந்து ஜெர்மன். சுவிஸ்காரர்கள் அந்த எழுத்தைப் பயன்படுத்துவதே இல்லை, இரண்டு எஸ் போட்டுவிடுவார்கள். ஜூரிக்கிலோ பெர்னிலோ இருக்கும் நம்மவர்களுக்கு அதுதான் சரியான தேர்வு, பிரெஞ்சுக் குறி எழுத்துகளும் அதே விசைகளில் கூடவே கிடைக்கும். ஜெர்மனிக்குப் போகிறவர் 'ஜெர்மன், ஜெர்மனி' என்பதைத்தான் எடுக்க வேண்டும்.

அட் குறி காணோம், சிறிது-பெரிது குறிகள் அடிக்கவே முடியவில்லை

அட் குறி தொலையவில்லை. ஜெர்மன் அமைப்பில் @ வலது ஆல்ட்டோடு க்யூ, யூரோ € வலது ஆல்ட்டோடு ஈ. சதுர அடைப்புகள் வலது ஆல்ட்டோடு 8, 9. நெளி அடைப்புகள் 7, 0. பிரெஞ்சில் @ வலது ஆல்ட்டோடு 0. இடது ஆல்ட் இதற்கு உதவாது. வலது ஆல்ட் இல்லாத கீபோர்டில் கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்த்துப் பிடித்தால் அதே வேலை நடக்கும்.

< > | இந்த மூன்றும்தான் உண்மையிலேயே சிக்கல். ஐரோப்பாவில் விற்கும் கீபோர்டில் இடது ஷிஃப்ட்டுக்கும் அதற்கு அடுத்த எழுத்துக்கும் நடுவே ஒரு கூடுதல் விசை இருக்கும். ஜெர்மன் அமைப்பில் இந்த மூன்று குறிகளும் அந்த ஒரே விசையில் உட்கார்ந்திருக்கின்றன. இந்தியாவில் விற்கும் லேப்டாப்புகளில் பெரும்பாலும் அமெரிக்க வடிவக் கீபோர்டுதான், அந்த விசையே கிடையாது. எனவே எதைத் தட்டினாலும் வராது, எந்த செட்டிங்கும் உதவாது. எப்போதாவது தேவை என்றால் விண்டோஸ் விசை, ஸ்பேஸ் அழுத்தி ஆங்கிலத்துக்குப் போய் அடித்துவிட்டு வாருங்கள். நிரல் எழுதுகிறவர் என்றால் ஜெர்மன் அமைப்பையே விட்டுவிட்டு அடுத்த வழியைப் பாருங்கள்.

அடுத்த வழி 'யுனைடெட் ஸ்டேட்ஸ் இன்டர்நேஷனல்'. ஜெர்மனோ ஸ்பானிஷோ கற்கும் மாணவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். விசைகளின் மேல் அச்சிட்டிருப்பது அப்படியே வரும், புதிதாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். மொழிப் பட்டியலில் ஆங்கிலத்துக்கு எதிரே உள்ள மூன்று புள்ளிகள், லாங்வேஜ் ஆப்ஷன்ஸ், ஆட் எ கீபோர்டு என்று போய்ச் சேர்க்கலாம். அப்புறம் இரட்டை மேற்கோள் அடித்து யு அடித்தால் இரட்டைப்புள்ளி யு. ஒற்றை மேற்கோள் அடித்து ஈ அடித்தால் தலையில் சாய்வுக்கோடு போட்ட ஈ. அலைக்குறி அடித்து என் அடித்தால் ஸ்பானிஷ் என். வலது ஆல்ட்டோடு எஸ் அடித்தால் எஸ்செட், 5 அடித்தால் €.

மேற்கோள் குறி அடித்தால் ஒன்றுமே வரவில்லை

மேலே சொன்னதற்குக் கொடுக்கும் விலை இது. மேற்கோள் விசை அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கிறது. குறி மட்டும் வேண்டுமென்றால் அதை அடித்துவிட்டு ஸ்பேஸ் அடியுங்கள். ஒரு வாரத்தில் கை பழகிவிடும். பழகவில்லை என்றால் சாதாரண ஆங்கில அமைப்பையும் பட்டியலில் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பயன்படுத்தலாம்.

ஆல்ட் எண் வேலை செய்யவில்லை

ஆல்ட் பிடித்துக்கொண்டு 0228 அடித்தால் இரட்டைப்புள்ளி ஏ, 0246 ஓ, 0252 யு, 0223 எஸ்செட், 0201 தலையில் கோடு போட்ட பெரிய ஈ. இது வராததற்குப் பொதுவான காரணம், மேல் வரிசை எண்களை அடிப்பது. வலது பக்க எண் கட்டத்தில்தான் அடிக்க வேண்டும், நம்லாக் எரிய வேண்டும். எண் கட்டம் இல்லாத லேப்டாப்பில் இதை மறந்துவிடுங்கள்.

அந்தப் பெரிய ஈயை ஏன் சேர்த்தேன் என்றால், பழைய பிரெஞ்சு அமைப்பில் அதற்கு நேரடி வழியே இல்லை. சின்ன எழுத்து 2-ஆம் விசையில் இருக்கிறது, கேப்ஸ்லாக் போட்டு அதைத் தட்டினால் பெரிய எழுத்துக்குப் பதில் 2 வரும். பிரான்சில் இது பல வருஷப் புகார். 2019-இல் அவர்கள் வெளியிட்ட புதிய கீபோர்டு தரத்தில் இதைச் சரிசெய்தார்கள், ஆனால் கடைகளில் பழைய வடிவம்தான் இன்னும் அதிகம்.

ஜெர்மன் எழுத்துக்கு ஆல்ட் எண் வருகிறது, போலிஷ் எழுத்துக்கு வரவில்லை என்றால் அது வேறு கதை. இந்த எண்கள் மேற்கு ஐரோப்பிய அட்டவணையான 1252-ஐச் சேர்ந்தவை. குறுக்குக்கோடு எல் அதில் இல்லவே இல்லை. வேர்டில் 0142 என்று அடித்து, உடனே ஆல்ட்டும் எக்ஸும் சேர்த்து அழுத்துங்கள், அந்த எல் வரும். 0105 வால் வைத்த ஏ, 0119 வால் வைத்த ஈ, 0151 ஹங்கேரிய நீள்கோட்டு ஓ. இவை யூனிகோட் எண்கள். வேர்டுக்கு வெளியே விண்டோஸ் விசையோடு முற்றுப்புள்ளி அழுத்தினால் எமோஜிப் பலகை திறக்கும். அதில் குறியீடுகள் பகுதிக்குள் லத்தீன் எழுத்துகள் இருக்கின்றன. அடிக்கடி தேவைப்படுவோர் மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தரும் பவர்டாய்ஸை நிறுவி, அதில் குவிக் ஆக்சென்ட்டை இயக்கிக்கொள்ளலாம். எழுத்தைப் பிடித்துக்கொண்டே ஸ்பேஸ் தட்டினால் அதன் வகைகள் வரிசையாக வரும்.

பாஸ்வேர்டு சரி, உள்ளே விடமாட்டேன் என்கிறது

உள்நுழைவுத் திரையில் ஓடும் கீபோர்டு அமைப்பு உங்கள் கணக்கில் ஓடுவதாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பாஸ்வேர்டில் ஒய், இசட், கீழ்க்கோடு, அட் குறி ஏதாவது இருந்தால் கதை முடிந்தது. பாஸ்வேர்டு கட்டத்தின் ஓரத்தில் இருக்கும் கண் படத்தை அழுத்திப் பிடித்தால் உண்மையில் என்ன விழுகிறது என்று தெரியும். திரையின் வலது கீழ் மூலையில் மொழிக்குறி இருக்கும், அங்கேயே மாற்றலாம்.

உள்ளே போனதும் நிரந்தரமாகச் சரிசெய்யுங்கள். லாங்வேஜ் அண்ட் ரீஜன் பக்கத்தில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் லாங்வேஜ் செட்டிங்ஸ் என்று ஓர் இணைப்பு. அதில் காப்பி செட்டிங்ஸ். உங்கள் ஏற்பாட்டை வெல்கம் ஸ்கிரீனுக்கும் புதிய கணக்குகளுக்கும் நகலெடுக்க இரண்டு கட்டங்கள் இருக்கும். நீக்கிய கீபோர்டு ஒன்று ஒவ்வொரு தடவை கணினியைத் திறக்கும்போதும் உயிர்த்தெழுந்து வருகிறது என்ற புகாருக்கும் பெரும்பாலும் இதே மருந்துதான். உங்கள் கணக்கில் நீக்கினீர்கள், சிஸ்டம் கணக்கில் அது அப்படியே இருந்தது. பட்டியலில் பெயரே இல்லாமல் மொழிக்குறியில் மட்டும் தெரிந்தால், அந்த அமைப்பை ஒருமுறை முறையாகச் சேர்த்துவிட்டு அப்புறம் நீக்குங்கள்.

மெனு மொழி மாறவே இல்லை

செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்று போய் எடிஷன் என்ன என்று பாருங்கள். 'ஹோம் சிங்கிள் லாங்வேஜ்' என்று இருந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. இந்தியாவில் விற்கும் பல லேப்டாப்புகளில் வருவது இதுதான், அதன் உரிமம் ஒரே ஒரு திரை மொழிக்குத்தான். காசு கொடுத்து எடிஷனை உயர்த்தினால் மாறும். ஆனால் அதற்குச் செலவழிக்கும் முன் யோசியுங்கள்: கீபோர்டு, எண் வடிவம், ஃபான்ட், எழுத்துப்பிழை திருத்தி எதற்கும் இந்தத் தடை கிடையாது. மெனு ஜெர்மனில் தெரிய வேண்டும் என்பதைத் தவிர மற்ற எல்லாம் இதிலேயே நடக்கும். மொழி கற்பவருக்கு மெனு ஜெர்மனில் இருப்பது நல்ல பயிற்சி என்பார்கள். ஏதாவது கோளாறு வந்து, பிழைச் செய்தியே புரியாமல் நிற்கும்வரை அது நல்ல பயிற்சிதான்.

எடிஷன் சரியாக இருந்தும் மொழிப்பொதி இறங்காமல் நிற்கிறதா? அது விண்டோஸ் அப்டேட் வழியாகத்தான் வருகிறது. அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தால் இதுவும் நிற்கும்.

எழுத்துகள் உடைந்து தெரிகின்றன

இங்கேதான் நிதானம் வேண்டும். 'உடைந்து' என்பதில் பல வகை உண்டு. ஒரு வகையில் தகவல் பத்திரமாக இருக்கிறது, இன்னொன்றில் மீட்கலாம், மற்றொன்றில் போனது போனதுதான். எது என்று தெரிவதற்கு முன் சேமிக்கும் பொத்தானைத் தொடாதீர்கள்.

எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம் தெரிந்தால் பயமில்லை. எழுத்து இருக்கிறது, ஃபான்ட்டில் அதன் வடிவம் இல்லை. கேலிப்ரி, ஏரியல், சிகோ யூஐ போன்ற விண்டோஸ் ஃபான்ட்டுகள் ஐரோப்பிய ஒன்றியத்தின் 24 அலுவல் மொழிகளையும், அதாவது லத்தீன், கிரேக்கம், சிரிலிக் மூன்று வரிவடிவங்களையும், தாங்கும். கட்டம் வருவது பெரும்பாலும் எங்கிருந்தோ இறக்கிய அலங்கார ஃபான்ட்டில். மாற்றினால் போதும்.

நம் ஊர் டிடிபி கடைகளில் இதற்கு ஒரு கிளை நோய் உண்டு. ஜெர்மன் பெயர் இருக்கும் இடத்தில் சம்பந்தமே இல்லாத தமிழ் எழுத்து முளைக்கும். பாமினி மாதிரிப் பழைய ஃபான்ட்டுகள் லத்தீன் எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. அந்த ஃபான்ட்டைப் பூசியதும் இரட்டைப்புள்ளி எழுத்து இருந்த எண்ணில் என்ன தமிழ் வடிவம் இருக்கிறதோ அது தெரியும். இரண்டு மொழியும் வரும் ஆவணத்தில் தமிழை யூனிகோடில் அடித்து, நிர்மலா யூஐ போன்ற ஃபான்ட்டில் வைப்பதே வழி.

ஓர் எழுத்துக்குப் பதில் இரண்டு குப்பை எழுத்து வந்தால், யூடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் குறிமுறை) ஃபைலை நிரல் 1252 என்று நினைத்துப் படித்திருக்கிறது. தலையில் அலைக்குறி போட்ட பெரிய ஏ திரும்பத் திரும்ப வருவதுதான் அடையாளம். அதன் பின்னாலேயே ¼ வந்தால் அது இரட்டைப்புள்ளி யு. ¶ வந்தால் இரட்டைப்புள்ளி ஓ. ¤ வந்தால் இரட்டைப்புள்ளி ஏ. © வந்தால் தலையில் கோடு போட்ட ஈ. தகவல் முழுசாக இருக்கிறது, சரியான குறிமுறையில் திறந்தால் போதும். நோட்பேடில் ஃபைல் மெனுவின் ஓப்பன் ஜன்னலில், கீழே என்கோடிங் என்று ஒரு தேர்வு இருக்கும், அதில் யூடிஎஃப்-8 வையுங்கள். ஓர் எழுத்து இரண்டாக இல்லாமல் நான்காக வந்திருந்தால், யாரோ இந்தக் குப்பையையே ஒருமுறை சேமித்திருக்கிறார்கள். அதையும் மீட்கலாம், ஆனால் இரண்டு படியாகத் திரும்பி வர வேண்டும். மூல ஃபைலைக் கேட்டு வாங்குவது சுலபம்.

ஓர் எழுத்துக்குப் பதில் ஒரே ஓர் எழுத்து, ஆனால் தப்பான எழுத்து வந்தால், இரண்டு பழைய அட்டவணைகள் குழம்பியிருக்கின்றன. எது எது என்று அறிகுறியே சொல்லும். போலிஷ் சொல்லின் நடுவே ³, ¹, ¿ வந்தால் அது மத்திய ஐரோப்பாவின் 1250, படித்தது 1252. ஹங்கேரியப் பாடத்தில் நீள்கோட்டு ஓ வர வேண்டிய இடத்தில் அலைக்குறி ஓ வந்தாலும் அதே ஜோடிதான். துருக்கியப் பாடத்தில் திடீரென்று ஐஸ்லாந்து எழுத்துகள் தலைகாட்டினால் அது 1254. துருக்கிய எழுத்துகளுக்கு இடம் பண்ண, அட்டவணையில் ஆறு ஐஸ்லாந்து எழுத்துகளைத்தான் எடுத்தார்கள். யூரோ வர வேண்டிய இடத்தில் ¤ வந்தால் அது ஐஎஸ்ஓ 8859-15, படித்தது 8859-1. யூரோ பிறப்பதற்கு முன்னால் வந்த அட்டவணை அது, € அதில் எப்படி இருக்கும்?

இவற்றைத் திருத்த நோட்பேட்++ நல்ல கருவி. என்கோடிங் மெனுவில் சரியான அட்டவணையைத் தேர்ந்தெடுத்தால் பாடம் கண்ணெதிரே நேராகும். நேரான பிறகுதான் அதே மெனுவில் 'கன்வர்ட் டு யூடிஎஃப்-8' கொடுக்க வேண்டும். முன்னது படிக்கும் விதத்தை மாற்றுகிறது, பின்னது ஃபைலையே மாற்றுகிறது. வரிசை மாறினால் குப்பையைத்தான் பத்திரப்படுத்துவீர்கள்.

கருப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி தெரிந்தால், 1252 ஃபைலை யூடிஎஃப்-8 என்று திறந்திருக்கிறீர்கள். சேமிக்காமல் மூடிவிட்டு, சரியான அட்டவணையில் திறந்தால் எழுத்து வந்துவிடும். சேமித்துவிட்டால் வராது.

வெறும் கேள்விக்குறி, சாய்சதுரம் இல்லாமல், ஃபைலுக்குள்ளேயே இருந்தால் எழுத்து போய்விட்டது. அதைத் தாங்காத அட்டவணைக்கு மாற்றும்போது நிரல் கைவிட்டிருக்கிறது. இதைவிட மோசமானது சத்தமில்லாமல் நடப்பது: விண்டோஸ் 1252-க்கு மாற்றும்போது குறுக்குக்கோடு எல்லைச் சாதாரண எல்லாக, வால் வைத்த ஏயை வெறும் ஏயாகப் பல நேரம் ஆக்கிவிடும். ரஷ்ய, பல்கேரியப் பாடத்தில் கேள்விக்குறிகள் வந்தால் உடனே கண்ணில் படும். போலிஷ் பட்டியலில் வால்கள் மட்டும் உதிர்ந்தால் போலிஷ் தெரிந்தவர் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது.

ஒரே ஒரு பழைய நிரலில் மட்டும் இப்படி ஆகிறது, மற்ற எல்லாவற்றிலும் சரி என்றால், அந்த நிரலுக்கு யூனிகோட் தெரியாது. அட்மினிஸ்ட்ரேட்டிவ் பக்கத்தில் சேஞ்ச் சிஸ்டம் லோக்கேல் என்று இருக்கும். அதில் அந்த நிரலின் மொழியைப் போட்டு கணினியை மறுபடி தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு மொழிதான், கணினி முழுவதற்கும். அதே ஜன்னலில் 'பீட்டா' என்று குறித்து, உலகளாவிய யூடிஎஃப்-8 ஆதரவு என ஒரு கட்டம் இருக்கும். எல்லாம் தீர்ந்துவிடும் போலத் தோன்றும். எழுத்தெல்லாம் குப்பையாகத் தெரியத் தொடங்கிய பழைய பில்லிங் மென்பொருளுக்குக் காரணம் தேடுகிறீர்கள் என்றால் முதலில் அந்தக் கட்டத்தைப் பாருங்கள்.

எக்செலில் 1.5 போட்டால் மே 1 வருகிறது

ரீஜனல் ஃபார்மட் ஜெர்மனியாகி இருக்கிறது. அங்கே தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்துக்குப் புள்ளி. 1.5 என்றால் முதல் தேதி, ஐந்தாம் மாதம். கீபோர்டையோ மொழிப்பொதியையோ தொட வேண்டாம். லாங்வேஜ் அண்ட் ரீஜன் பக்கத்தில் ரீஜனல் ஃபார்மட்டை 'இங்கிலீஷ், இந்தியா' என்று திருப்பினால் சரி. எக்செலுக்கு மட்டும் மாற்ற வேண்டும் என்றால் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, 'யூஸ் சிஸ்டம் செப்பரேட்டர்ஸ்' டிக்கை எடுத்துவிட்டுக் குறிகளைக் கையால் போடுங்கள். ஜெர்மன் மொழி என்றாலே காற்புள்ளித் தசமம் என்று நினைக்க வேண்டாம், சுவிட்சர்லாந்தில் தசமம் புள்ளிதான், ஆயிரத்துக்கு மேற்கோள் போடுவார்கள்: 1'234.56.

ஐரோப்பாவிலிருந்து வந்த சிஎஸ்வி ஃபைல் ஒரே பத்தியில் குவிகிறது என்றால், காற்புள்ளி தசமத்துக்குப் போய்விட்டதால் அவர்கள் பத்திகளைப் பிரிக்க அரைப்புள்ளி போட்டிருக்கிறார்கள். இருமுறை சொடுக்கித் திறக்காதீர்கள். எக்செலில் டேட்டா, ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி என்று போங்கள். ஃபைல் ஆரிஜினில் 65001 (யூடிஎஃப்-8-தான் அது), பிரிக்கும் குறியில் அரைப்புள்ளி. எழுத்து உடைவதும் பத்தி குவிவதும் ஒரே இடத்தில் தீரும்.

ஆபத்து எதுவும் உடைந்து தெரியாதபோதுதான் இருக்கிறது. ஜெர்மானியர் ஆயிரத்து இருநூற்று முப்பத்து நான்கை 1.234 என்று எழுதுவார். இந்திய அமைப்பு அதை ஒன்று தசமம் இரண்டு மூன்று நான்கு என்று முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளும். கூட்டுத்தொகை வரும், தப்பாக வரும். 1.234,56 என்று இருந்தாலாவது அது எண்ணாக ஏற்கப்படாமல் இடது ஓரத்தில் ஒட்டி நின்று காட்டிக்கொடுக்கும். எனவே இறக்கும்போதே டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா கொடுத்து, அந்தப் பத்தியின் வகையை 'யூசிங் லோக்கேல்' வழியாக, ஜெர்மன் ஜெர்மனி என்று சொல்லி மாற்றுங்கள். தேதிப் பத்திக்கும் அப்படியே. பணம் சம்பந்தப்பட்ட ஃபைலில் இந்தப் படியைத் தாண்டவே கூடாது.

பிரெஞ்சு எண்களை ஒட்டினால் கூட்ட மறுக்கின்றனவா? ஆயிரத்துக்கு அவர்கள் போடுவது இடைவெளி, அதுவும் ஸ்பேஸ் விசையில் வராத, வரி உடையாத இடைவெளி. ஒரு செல்லிலிருந்து அந்த இடைவெளியை மட்டும் நகலெடுத்து, ஃபைண்ட் கட்டத்தில் ஒட்டி, ஒன்றுமில்லாததால் மாற்றுங்கள்.

இணையத்தில் எடுத்த ஃபார்முலா பிழை காட்டினால், உள்ளே இருக்கும் காற்புள்ளிகளை அரைப்புள்ளி ஆக்கிப் பாருங்கள். சம், இஃப் போன்ற பெயர்களே ஏற்கவில்லை என்றால் ஆபீஸின் மொழி ஜெர்மன். அங்கே அவை சுமே, வென். ஏற்கெனவே சேமித்த ஃபைலில் உள்ளவை தானாக மாறிக்கொள்ளும், கையால் அடிப்பதற்குத்தான் இந்த வம்பு.

கண்ணுக்குத் தெரியும் பெயர் தேடினால் கிடைக்கவில்லை

தலைக்கோடு போட்ட ஈயை யூனிகோடில் ஒரே எண்ணாகவும் வைக்கலாம், ஈயும் கோடுமாக இரண்டு எண்ணாகவும் வைக்கலாம். நம் 'கொ'வின் ஒற்றைக்கொம்பு-கால் துணையெழுத்துக்கு ஒரே எண்ணும் உண்டு, கொம்பும் காலும் தனியாகவும் உண்டு, அதே சங்கதிதான். பார்க்க ஒன்று, ஒப்பிட்டால் வேறு. மேக்கிலிருந்து வந்த ஃபைல் பெயர்களில் இது அதிகம். ஒரே ஃபோல்டரில் அச்சு அசலாக ஒரே பெயரில் இரண்டு ஃபைல் நின்றால் இதுதான் காரணம். ஒன்றிரண்டு என்றால் பெயரைத் திரும்ப அடித்துவிடுங்கள்.

ருமேனியப் பெயர்களில் காரணம் வேறு. அவர்களுடைய எஸ், டி எழுத்துகளுக்குக் கீழே வருவது காற்புள்ளி. பழைய அட்டவணைகளில் இருந்ததோ துருக்கியில் உள்ள மாதிரி வளைவு. சரியான எழுத்துகள் யூனிகோடில் 1999-இல்தான் சேர்ந்தன. அதற்குப் பிறகும் விண்டோஸ் எக்ஸ்பி காலத்து ஃபான்ட்டுகளில் அவை இல்லை. ருமேனியா 2007-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததை ஒட்டித்தான் மைக்ரோசாஃப்ட் தனியாக ஒரு ஃபான்ட் புதுப்பிப்பு விட்டது. அதனால் பழைய பட்டியல்களில் ஒரு விதம், புதியவற்றில் இன்னொரு விதம். தேடும்போது இரண்டையும் தேடுங்கள். கீபோர்டில் 'லெகசி' என்று இருப்பதை விட்டு 'ஸ்டாண்டர்டு' அல்லது 'புரோகிராமர்ஸ்' எடுங்கள்.

எல்லாச் சொல்லுக்கும் சிவப்புக் கோடு

வேர்டில் பாடத்தைத் தேர்ந்தெடுத்து, ரிவ்யூ, லாங்வேஜ், செட் ப்ரூஃபிங் லாங்வேஜ் என்று போய் மொழியைச் சொல்லுங்கள். பட்டியலில் மொழியின் பக்கத்தில் டிக் படம் இல்லை என்றால் அகராதி நிறுவப்படவில்லை, இலவசமாகவே கிடைக்கும். லிப்ரே ஆபீஸிலும் இதே கதைதான்.

லினக்ஸில் இதெல்லாம் எப்படி

உபுண்டு மாதிரி, க்னோம் என்ற திரைச்சூழல் சார்ந்த லினக்ஸ் வகைகளில் செட்டிங்ஸின் கீபோர்டு பக்கத்தில் 'கம்போஸ் கீ' என்று ஒன்று உண்டு. வலது ஆல்ட்டையோ கேப்ஸ்லாக்கையோ அதற்கு ஒதுக்குங்கள். அதைத் தட்டி, இரட்டை மேற்கோள், யு அடித்தால் இரட்டைப்புள்ளி யு. எஸ் எஸ் அடித்தால் எஸ்செட். சாய்கோடு எல் அடித்தால் போலிஷ் எல். சமக்குறி ஈ அடித்தால் €. ஐரோப்பிய மொழிகளுக்கு இதைவிடச் சுகமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. மேற்கோள் குறியும் காத்துக்கொண்டு நிற்காது.

கணினியில் எல்லாம் சரி, விண்ணப்பப் படிவம் மட்டும் ஏற்க மறுக்கிறது

விமான டிக்கெட், விசா, கட்டணப் பக்கங்களில் இது சகஜம். உங்கள் கணினியில் திருத்த ஒன்றுமில்லை, அந்தப் பக்கம் ஆங்கில எழுத்துகளுக்கு மேல் எதையும் வாங்காது. ஜெர்மன் பெயர் என்றால் இரட்டைப்புள்ளி எழுத்துக்குப் பின்னால் புள்ளிக்குப் பதில் ஓர் ஈ சேர்த்து எழுதுங்கள், எஸ்செட்டுக்கு இரண்டு எஸ். ஜெர்மன் பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் மேல் வரியிலும் பெயர் அப்படித்தான் இருக்கும். புள்ளியை மட்டும் உதிர்த்துவிட்டு எழுதினால் அந்த வரியோடு பொருந்தாது. பயணச் சீட்டில் பெயரைப் போடும்போது அந்த வரியைப் பார்த்து, எழுத்துக்கு எழுத்து அப்படியே அடியுங்கள்.